குப்பையைப் பிரிப்போம்: மாத்தளையில் கற்ற பாடம்

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவியர் சங்கம் கூட்டிய பொதுக் கூட்டத்தில், சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நூற்றாண்டுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சீனி வருத்தம் பற்றியோ பிரஷர் பற்றியோ பேசுவோம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் குப்பை பற்றிப் பேச வந்திருக்கிறோம். பட்டுச் சேலை உடுத்து வந்திருக்கும் நாளில் இது என்ன பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வைத்தியசாலையில் நாங்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு பங்கு, ஊர் தன் குப்பையை ஒழுங்காக அகற்றாததனால் எழுத வேண்டி வருகிற மருந்து. அதனால்தான் இந்தத் தலைப்பு.

2017 ஆம் ஆண்டை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டெங்கு நுளம்புக்குக் குளமோ ஆறோ தேவையில்லை. வேலிக்கு அப்பால் எறிந்த யோகட் கப், சிரட்டை, பழைய டயர், மடிந்து கிடக்கும் பொலித்தீன், இவற்றில் தேங்கும் நாலு கரண்டி மழைத் தண்ணீர் போதும். அதற்கு முன்னர் 2008 இல் நாடெங்கும் எலிக்காய்ச்சல் பெருகியபோது மாத்தளை மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் வயலில் இறங்குபவர்களைத் தாக்கும் நோய் என்பது உண்மை. ஆனால் எலி பெருகுவதற்குச் சோறு போடுவது யார்? திறந்த குப்பைமேடும், இரவில் தெருவோரம் நாம் கட்டி வைக்கும் பையுந்தான்.

அதே 2017 இல், சித்திரைப் புத்தாண்டு தினமாகிய ஏப்ரல் 14 அன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். புத்தாண்டுப் பலகாரம் வைத்திருந்த வீடுகள் அவை. தலைநகரம் பல வருடமாகக் கொட்டிய குப்பை, அதைக் கொட்டாத ஏழை மக்களின் தலையில் விழுந்தது. குப்பை என்றால் அநேகமாக இப்படித்தான் நடக்கும். போடுபவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளைக் கால்வாய்களில் விழுவது சுது கங்கைக்குப் போகிறது. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீரும் சுரங்க வழியாக உக்குவளை மின் நிலையத்துக்கு வந்து இதே சுது கங்கையில்தான் சேருகிறது. அங்கிருந்து போவதென்ன நீர்த்தேக்கம், அதன் பிறகு கலாவெவ, அதன் கீழ் வயல்கள். ஆகவே நமது தெருமுனையில் விழும் பொலித்தீன் நம்மோடு நின்றுவிடுவதில்லை. வடக்கே விவசாயம் செய்பவருடைய வாய்க்காலுக்கு அதை நாம் அனுப்பி வைக்கிறோம்.

சரி, குப்பையில் என்னதான் இருக்கிறது? நம் நாட்டில் ஒரு வீட்டின் குப்பையை நிறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் தோட்டத்துக் கழிவுமாக இருக்கும். மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, மீன் செதில், தேயிலைச் சக்கை, பலாச் சடை, வாழைத் தண்டு. இவை எல்லாம் ஈரமான பொருள்கள். மேலைநாடுகளைப் பார்த்து இதையெல்லாம் எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பாதி தண்ணீராக இருக்கும் ஒன்றை எரிப்பதற்கு வெளியிலிருந்துதான் எரிபொருள் தேட வேண்டும். சின்ன ஊர்களுக்குக் கட்டுப்படியாகாத காரியம் அது. குவித்து மூடினாலோ காற்றுப் படாமல் அழுகி மெதேன் வாயு வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு வலிமையானது.

இந்த ஈரக் குப்பையை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் மிச்சமுள்ள வழி. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. நம் பாட்டிமார் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் எருக்குழி வைத்திருந்தார்கள். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், கூட்டி அள்ளிய சருகு எல்லாம் அதற்குள் போகும். அதிலிருந்து எடுத்த எருவில்தான் லயத்துக் காம்பராவுக்கு முன்னால் கீரையும் அவரையும் விளைந்தன. இந்தியாவில் இந்தூரில் 1920களில் அல்பேர்ட் ஹவார்ட் என்ற விவசாய விஞ்ஞானி, இந்திய விவசாயிகளின் வழக்கங்களிலிருந்து கற்று, அடுக்கடுக்காகக் குவித்து இடையிடையே புரட்டிப் போடும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். உலகம் இன்றும் அதை இந்தூர் முறை என்றே அழைக்கிறது.

ஆனால் ஒரு வீட்டுக் குழி வேறு, ஒரு நகரத்தின் குப்பை வேறு. நகரத்தின் குப்பையை எருவாக்குவதில் மாத்தளைக்கு ஒரு தனி இடம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகளில் பலருக்கு இது தெரியாதிருக்கலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1995 இல் பங்களாதேசத்தின் டாக்கா நகரில் இஃப்தெகார் எனாயத்துல்லா, மக்சூத் சின்ஹா என்ற இரண்டு இளைஞர்கள் வேஸ்ட் கன்சர்ன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய இயந்திரம் வாங்கி ஊருக்கு வெளியே ஒரே தொழிற்சாலை கட்டுவதை விட, ஊருக்குள்ளேயே சிறு சிறு நிலையங்கள் வைத்து, வீடு வீடாகச் சேகரித்து, பெரும்பாலும் கை வேலையாகவே பசளை தயாரிப்பது மேல் என்பது அவர்கள் எண்ணம். ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழு இந்த முறையை மற்ற நாடுகளின் சிறு நகரங்களுக்கும் கொண்டுபோக விரும்பியது. முதலில் தேர்ந்தெடுத்த நகரங்கள் இரண்டு. ஒன்று வியட்நாமின் குவி நோன். மற்றது நமது மாத்தளை.

மாத்தளை மாநகர சபையும், செவனத என்ற இலங்கைத் தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2007 இல் இங்கே முதல் நிலையத்தை இயக்கத் தொடங்கின. அதற்கு ஒருங்கிணைந்த வள மீட்பு நிலையம் என்று பெயர். குப்பை நிலையம் என்று சொல்லாமல் வள மீட்பு நிலையம் என்றார்கள். பெயரிலேயே நோக்கம் இருக்கிறது. நாற்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஒரு சிறு மலைநாட்டு நகரத்தைப் பார்ப்பதற்குப் பல நாடுகளிலிருந்தும் அதிகாரிகள் வந்து போனார்கள். கறுவா, மிளகு, சாதிக்காய்த் தோட்டங்களைப் பார்க்க வருபவர்கள் போக, குப்பையைப் பார்க்கவும் ஆள் வந்த ஊர் நம்முடையது.

அங்கே நடக்கும் வேலை இதுதான். உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் வீட்டிலேயே தனித்தனியாக வாங்குகிறார்கள். உக்கும் குப்பை நிலையத்துக்கு வந்ததும் அதில் தவறிக் கலந்துள்ள பொலித்தீன், போத்தல் மூடி முதலியவற்றைக் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். பிறகு காற்றுப் புகும் துளைகள் வைத்த பெட்டி போன்ற தொட்டிகளில் அதை நிரப்புகிறார்கள். உள்ளே வாழும் நுண்ணுயிர்களுக்கு மூன்று விடயம் தேவை. முதலாவது காற்று. இரண்டாவது ஈரம்: கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்றாவது, பச்சைக் கழிவுக்கும் காய்ந்த கழிவுக்கும் இடையில் ஒரு சமநிலை. மரத்தூள், சருகு போன்ற காய்ந்த பொருளில் காபன் அதிகம். மரக்கறித் தோல், மீன் கழிவு போன்றவற்றில் நைதரசன் அதிகம். ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். பச்சை கூடினால் நாறும். காய்ந்தது கூடினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எல்லாம் சரியாக அமைந்தால் சில நாட்களில் உள்ளே சூடு 55 பாகை செல்சியசைத் தாண்டும். கை வைத்தால் சுடும். வைத்தியர்களாகிய எங்களுக்கு இந்தச் சூடு முக்கியமானது. அது தொடர்ந்து சில நாட்கள் நின்றால் நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். சுமார் 40 நாளில் பொருள் உக்கிவிடும். இன்னும் இரண்டு வாரம் ஆறவைத்து முதிரச் செய்து, சலித்து, மூட்டை கட்டுவார்கள். நாலு தொன் ஈரக் கழிவு போட்டால் ஒரு தொன் அளவு பசளை கிடைக்கும்.

உக்காத குப்பையில் கடதாசி, காட்போட், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு விலை உண்டு. அவை வகை பிரிக்கப்பட்டு வியாபாரிகளுக்குப் போகின்றன. எதற்கும் உதவாத மீதி மட்டும் குப்பைமேட்டுக்குப் போகிறது. பசளை விற்ற பணம், பழைய பொருள் விற்ற பணம், சேகரிப்புக்காக வீடுகளும் கடைகளும் கொடுக்கும் கட்டணம் மூன்றும் சேர்ந்துதான் இப்படியான நிலையத்தை நடத்த உதவுகின்றன. பசளை விற்றே இலாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்ட இடங்கள் நிலைத்ததில்லை. நகரைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு நகரத்தார் ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டும்.

2008 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை பிலிசரு என்ற திட்டத்தைத் தொடங்கி நாட்டின் பல உள்ளூராட்சி சபைகளுக்குப் பசளை நிலையங்கள் அமைக்க உதவியது. நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் தோன்றின. சில நன்றாக நடக்கின்றன, சில தள்ளாடுகின்றன. இந்த வித்தியாசத்துக்கு எங்கும் சொல்லப்படும் முதற் காரணம் ஒன்றுதான்: வரும் குப்பை பிரித்து வருகிறதா, கலந்து வருகிறதா என்பது. கலந்து வந்த குப்பையில் உடைந்த கண்ணாடியும் பற்றரியும் பொலித்தீனும் இருக்கும். அதில் செய்த பசளையை வயலில் போட்டால் விவசாயியின் கால் கிழியும். பற்றரியிலுள்ள உலோகங்கள் மண்ணுக்குப் போகும். நகரக் குப்பைப் பசளைக்கென்று நம் நாட்டில் ஒரு தரக் கட்டளை இருக்கிறது. அந்தத் தரத்தை எந்த இயந்திரமும் கடைசியில் கொண்டுவர முடியாது. அது நம் குசினியில் இரண்டு வாளி வைப்பதில் தொடங்குகிறது.

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூட்டுப் பசளை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டபோது நம் மாவட்டத்தின் கலேவெல, தம்புள்ளைப் பக்க மரக்கறி விவசாயிகள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது; அதற்குள் பயிர் பாழாகியிருந்தது. கணக்கைப் பாருங்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டுப் பசளையில் நூற்றுக்கு ஒரு பங்கு, நல்லதென்றால் அதற்குச் சற்று மேல். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்று தரும் நைதரசனைக் கூட்டுப் பசளையில் எடுக்க வேண்டுமானால் இரண்டு தொன்னுக்கு மேல் வேண்டும். கூட்டுப் பசளையின் பலன் வேறு விதமானது. அது மண்ணைப் பொருபொருவென்று ஆக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், போட்ட பசளை மழையில் அடித்துப் போகாமல் காக்கும். மலைச் சரிவில் தோட்டம் செய்யும் நமக்கு இதன் அருமை தெரியும். நல்ல பொருளைப் பொய் சொல்லி விற்றால் அடுத்த முறை உண்மை சொன்னாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

மாத்தளைக்கு வெளியிலும் பார்க்கலாம். கேரளத்து ஆலப்புழையில் நகரத்துக் குப்பையைத் தங்கள் கிராமத்தில் கொட்டுவதை எதிர்த்து சர்வோதயபுரம் மக்கள் 2012 இல் வண்டிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லாமல் போன நகரம் வீட்டுக்கு வீடு குழாய்க் கம்போஸ்ட், சிறு எரிவாயுக் கலன், தெருவுக்குத் தெரு காற்றோட்டத் தொட்டி என்று மாறியது. தென்கொரியாவில் உணவுக் கழிவை நேரே குப்பைமேட்டில் கொட்டுவதை 2005 இலேயே தடுத்தார்கள். 2013 முதல் உணவுக் கழிவை நிறைக்கேற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். டொரொன்ரோவில் இருக்கும் நம் தோழியர் பச்சை வாளியில் சமையல் கழிவைப் போட்டுத்தான் வாழ்கிறார்கள். லீவில் இங்கே வரும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவது ஏன் என்று அவர்களை அன்போடு கேட்கிறோம்.

இனி, எங்களுக்கு மனதில் கனமாக இருக்கும் விடயத்துக்கு வருகிறோம்.

குப்பையைப் பிரிக்காமல் விட்டால், அதைப் பிரிப்பது ஒரு மனிதக் கை. வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அந்தக் கைகளைப் பார்க்கிறோம். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த காயம். விரலில் ஊசி குத்திய இடம். சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவர் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வருவார். குத்தியது யாருடைய ஊசி, அவருக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. ஏற்பு ஊசி போட்டு, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. என்று இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதி, முடிவு தெரியும் வரை மாதக்கணக்கில் அவரையும் அவர் மனைவியையும் பயத்தோடு காத்திருக்கச் செய்ய வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த மாதங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

அந்த ஊசி பெரும்பாலும் வைத்தியசாலையிலிருந்து வந்ததல்ல. இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் வீட்டு அம்மாவினுடையது. சீனி பார்க்க விரலில் குத்தும் ஊசியும் அப்படித்தான். நம்மில் படித்தவர்கள், ஆசிரியைகள், வங்கி அதிகாரிகள் வீடுகளிலிருந்து வருகிறது.

இந்த மாவட்டத்தில் நகர சுத்திகரிப்பு வேலை செய்பவர்கள் அநேகர் நமது மக்கள். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய பெண்பிள்ளைகள் இந்தக் கல்லூரியில் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். தகப்பனார் என்ன வேலை என்று வகுப்பில் கேட்கும்போது "கவர்மென்ட் வேலை" என்று மெதுவாகச் சொல்லித் தலையைக் குனிந்த பிள்ளைகளை எல்லா ஆண்டிலும் நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை ஏன் தலை குனிய வேண்டும்? ஊர் நாறாமல் வைத்திருப்பவருடைய மகள் அவள். தலை குனிய வேண்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. குப்பையைப் பிரித்துக் கொடுப்பதை நாங்கள் சுற்றாடல் சேவையாக மட்டும் பார்க்கவில்லை. நம்மோடு படித்தவளுடைய தகப்பனுக்கு நாம் கொடுக்கும் மரியாதையாகப் பார்க்கிறோம்.

ஆகவே வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

உக்கும் குப்பைக்கு மூடியுள்ள ஒரு வாளி. தோட்டமுள்ளவர்கள் அதை வீட்டிலேயே பசளையாக்கலாம். ஒவ்வொரு முறை சமையல் கழிவு போட்ட பின்னும் அதன் மேல் ஒரு பிடி சருகோ மரத்தூளோ தும்புத் தூளோ போட்டு மூடுங்கள். ஈ வராது, நாற்றம் வராது. மீனும் இறைச்சியும் சிறு வீட்டுக் குழியில் போட்டால் எலியும் நாயும் தேடி வரும். ஆழமாகப் புதைக்க இடமில்லாதவர்கள் அதைச் சேகரிப்பு வண்டிக்கே கொடுத்துவிடுங்கள்.

கடதாசி, போத்தல், தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு ஒரு சாக்கு. தயிர்ச் சட்டியும் யோகட் கப்பும் கழுவிப் போட்டால் எறும்பும் வராது, வாங்குபவரும் சந்தோசப்படுவார்.

பொலித்தீனை வீட்டு முற்றத்தில் எரிக்காதீர்கள். ஈளை வருத்தமுள்ள பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும். சில பிளாஸ்டிக் வகைகள் எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சு வெளிவரும். அது கோழிமுட்டை, பால் வழியாக நம்மிடமே திரும்பும்.

ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு, மூடியை இறுக்கி, முக்கால்வாசி நிரம்பியதும் கிளினிக் போகும் நாளில் கொண்டுபோய்த் தாதி உத்தியோகத்தரிடம் கேட்டுக் கொடுங்கள். காலாவதியான மாத்திரைகளை மலசலகூடத்தில் கொட்டாமல் அதேபோல் கேட்டுக் கொடுங்கள்.

சனிட்டரி நப்கின், பிள்ளைகளின் பம்பர்ஸ் ஆகியவற்றைக் கடதாசியில் சுற்றித் தனியாகக் கட்டிக் கொடுங்கள். அவற்றில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அவை உக்கும் வாளிக்கும் உரியவையல்ல, மலசலகூடக் குழிக்கும் உரியவையல்ல.

கோயில் பற்றியும் ஒரு சொல். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் வீதிக்கு வரும்போது நாம் எல்லோரும் எங்கிருந்தாலும் ஓடி வருகிறோம். அன்று சேரும் பூ, வாழை, தென்னோலை எல்லாம் அருமையான பசளைப் பொருள். ஆனால் மாலையைப் பிளாஸ்டிக் நூலில் கட்டி, தாகசாந்தியைப் பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தால் எல்லாமே குப்பைமேட்டுக்கு உரியதாகிவிடும். வாழை நாரும் சிரட்டையும் விளையும் ஊர் இது.

கடைசியாக, இந்தக் கூட்டம் இன்று முடிவெடுக்க வேண்டிய விடயம். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரி வாசலில் ஒரு வளைவு கட்டுவதென்ற யோசனை நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை முன்மொழிந்த அக்காமாரின் ஆசையை நாங்கள் மதிக்கிறோம். பஸ்ஸில் வரும்போது தூரத்திலேயே கல்லூரிப் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. எங்கள் குழு கேட்பது, சேர்ந்த நிதியில் முதற் பங்கை வேறொன்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே.

மாணவியர் மலசலகூடங்களில் மூடியுள்ள வாளி இல்லை. வாளி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். குழி அடைக்கிறது, சுவருக்குப் பின்னால் எறியப்படுகிறது, அதைச் சுத்தம் செய்பவர் வெறுங்கையால் அள்ளுகிறார். மாதவிடாய் நாளில் பல பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதில்லை. வருபவர்களில் பலர் மலசலகூடம் போகாமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் காரணம் இதுதான். இருபத்தைந்து, முப்பது வருடங்களுக்கு முன்னர் நாமும் அப்படித்தான் இருந்தோம். நம் பிள்ளைகள் காலத்திலும் அது தொடர வேண்டுமா?

ஆகவே நாங்கள் முன்மொழிவது நான்கு விடயங்கள். ஒன்று, ஒவ்வொரு மாணவியர் மலசலகூடத்திலும் மூடியுள்ள வாளியும் கை கழுவத் தண்ணீரும், அந்த வாளிகளை ஒழுங்காக அகற்றுவதற்கு மாநகர சபையோடு ஓர் ஏற்பாடும். இரண்டு, சிற்றுண்டிச்சாலைக் கழிவுக்கும் மைதானத்துச் சருகுக்கும் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நாலு பசளைத் தொட்டி. அதை விவசாயப் பாட மாணவியர் பொறுப்பில் விட்டு, வரும் பசளையைக் கல்லூரித் தோட்டத்துக்குப் பயன்படுத்துவது. மூன்று, கல்லூரியைச் சுத்தம் செய்யும் ஊழியர்களுக்குக் கையுறை, சப்பாத்து, ஏற்பு மற்றும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தடுப்பூசியை எங்கள் குழு பொறுப்பேற்கும். நான்கு, இனிமேல் சங்கம் நடத்தும் எந்த விருந்திலும் லஞ்ச் சீட்டும் பிளாஸ்டிக் கப்பும் இல்லை. இன்று மதியச் சாப்பாடு வாழை இலையில்தான் வருகிறது என்பதைச் சமையல் குழுவினருக்கு நன்றியோடு தெரிவிக்கிறோம். சாப்பிட்ட பின் இலையை ஒரு வாளியிலும் மற்றவற்றை அடுத்த வாளியிலும் போடுங்கள். வாளிகளுக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள். பெரியவர்கள் மாற்றிப் போட்டால் அவர்கள் திருத்துவார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இவை நடந்த பின் மிஞ்சும் நிதியில் வளைவைக் கட்டுவோம். அதற்கும் நாங்கள் கை கொடுப்போம். ஆனால் அந்த வளைவுக்குள் நுழைகிற பிள்ளை, மாதத்தின் எல்லா நாளும் பயமில்லாமல் நுழைய வேண்டும். இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்கள் பெண்பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது, பள்ளிக்கு வர வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். நூறு வருடம் கழித்து ஒரு வாளி இல்லாததற்காக அவள் மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கிறாள் என்றால், அவர்களுடைய வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

தீர்மானம் வாசிக்கப்படும்போது உங்கள் ஆதரவைத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வர முடியாத தூரத்தில் இருந்து இந்த மலரில் இதை வாசிக்கும் சகோதரிகளும் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதுங்கள்.